நலப்பொதியின் கடற்கரைப் பயணம்

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் நெருப்பு என்பார்கள், சக்கரம் என்பார்கள். நெருப்பையும் சக்கரத்தையும் வைத்துக்கொண்டு மனிதன் மேலும் மேலும் வேலைதான் பார்த்தான். சும்மா இருப்பதற்கு என்னென்ன சாமான்கள் தேவை என்று அவன் கண்டுபிடித்த நாளில்தான் நாகரிகத்துக்கு மீசை முளைத்தது.

அதற்கு முன்பு மக்கள் வெறுங்கையோடு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்தாலே கூசுகிறது. நிழலைக் கண்டால் படுத்தார்கள், தூக்கம் வந்தால் தூங்கினார்கள், விழிப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்தார்கள். தூங்கியது தரமான தூக்கமா, அதற்கு எத்தனை மதிப்பெண் என்ற சிந்தனையே இல்லாமல் வாழ்ந்து, அதே நிலையில் செத்தும் போனார்கள்.

இந்த அநாகரிகத்தை ஒழித்துக்கட்டும் பொறுப்பை, பீங்கான் கோப்பைகளையும் கைகழுவும் தொட்டிகளையும் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டது. அந்தப் புண்ணியம் போய் விழுந்த இடம் இடுக்கு சாரின் தலை.

இடுக்கு சார் அந்த நிறுவனத்தின் பொதிக்கூடத்து மேற்பார்வையாளர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அவர் கட்டிய பெட்டியில் ஒரு இடுக்கு இருக்காது என்பதால் இந்தப் பெயர். இடுக்கு இருந்தால் பொருள் ஆடும், ஆடினால் உடையும் என்பது அவர் கொள்கை. கோப்பைக்கும் கோப்பைக்கும் நடுவே காகிதம் திணிப்பார். காகிதத்துக்கும் காகிதத்துக்கும் நடுவே கசக்கிய காகிதம் திணிப்பார். பிறகு பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். உள்ளே இருந்து ஒரு முனகல் வந்தால் போதும், பிரித்து மறுபடி கட்டுவார்.

இந்தத் தொழில் பக்தி பொதிக்கூடத்து வாசலோடு நிற்காமல் அவரோடு வீட்டுக்கும் வந்தது. டப்பாக்களை அடுக்குவார், அடுக்கியதைப் பிரிப்பார், செருப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகுவார். விருந்தாளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கைப்பையை வாங்கி ஒழுங்காகக் கட்டித் திருப்பிக் கொடுப்பார். வீட்டில் எந்நேரமும் ஒட்டுநாடா கிழிபடும் சத்தம் கேட்கும்.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறவர்களை நாள் முழுக்க "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லி உட்கார வைக்கிற வேலை. ஊரையே உட்கார வைத்த அந்த அம்மாளால் வீட்டில் ஒருவரை உட்கார வைக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்தது கணவரின் குனிந்த முதுகைத்தான்.

நான்கு நாள் விடுமுறை கிடைத்ததும் மனைவி தன் வேண்டுகோளை வைத்தார்.

"ஏங்க, நகை கேக்கல, நட்டு கேக்கல. கடல்கூட முக்கியமில்ல. நாலு நாள் என் பக்கத்துல உக்காருங்க. கை ரெண்டும் சும்மா இருக்கணும். அது எப்படி இருக்கும்னு நான் ஒரு தடவ பாக்கணும்."

இடுக்கு சார் சம்மதித்தார். சம்மதித்துக்கொண்டே மேசை விரிப்பின் மூலைகளை இழுத்துச் சரிசெய்தார்.

மறுநாள் நிறுவனத்தின் நலவாழ்வுப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. இந்தப் பிரிவு பிறந்த கதை உருக்கமானது. விடுமுறைக்குப் போய்வந்த கணக்காளர் ஒருவர் வெளிநாட்டு வாடிக்கையாளரின் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டுவிட்டார். நிர்வாகம் பதறிப்போய் விசாரித்தது. அவர் விடுமுறையில் எந்தப் பயிற்சியும் இல்லாமல், எந்த உபகரணமும் இல்லாமல், தன் இஷ்டத்துக்கு ஓய்வெடுத்தது அம்பலமானது. உடனே ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. அதற்குத் தலைவியாக வந்தவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார், பின்னால் ஆழமாக ஒரு மூச்சு விட்டார். ஊழியர்கள் அவரை மூச்சு மேடம் என்று அன்போடு அழைத்தார்கள்.

"எங்க போறீங்க சார்?" என்று மூச்சு மேடம் கேட்டார்.

"கடற்கரைக்கு மேடம். மச்சானோட காருல."

"அங்க என்ன செய்யப் போறீங்க?"

"ஒண்ணும் செய்யப் போறதில்ல மேடம்."

"அதுதான் சார் கேக்குறேன். ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?"

இடுக்கு சார் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். ஒரு ஏற்பாடும் இல்லை. மூச்சு மேடம் அவரைக் குற்றம் சொல்லவில்லை. படிக்காத தாய்க்குப் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்து, அலமாரியைத் திறந்து 'நலப்பொதி'யை வெளியே எடுக்கச் சொன்னார். எடுக்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

முதலில் வந்தது முள் பாய். படுத்தால் முதுகெங்கும் குத்தும். எழுந்தவுடன் அடையும் நிம்மதிக்கு ஈடு இணையில்லை என்றார் மேடம். அடுத்தது ஈயப் போர்வை. போர்த்திக்கொண்டால் புரளவே முடியாது. அதனால் மனம் அலைபாயாது. சூரியன் உதிப்பதுபோல் மெல்ல மெல்ல எரியும் விளக்கு ஒன்று. உப்புப் பாறையைக் குடைந்து செய்த விளக்கு இன்னொன்று, அதிலிருந்து கடற்காற்றின் குணங்கள் வருமாம். வெறுங்காலோடு மண்ணில் நிற்கும் உணர்வைத் தரும் ரப்பர் விரிப்பு. அதை மின்சாரத்தில் செருக வேண்டும். மூக்கால் மட்டும் மூச்சு விடுவதற்காக இரவில் வாயில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகள். இவற்றைப் பார்த்ததும் இடுக்கு சாரின் முகம் மலர்ந்தது, ஒட்டுகிற எதையும் அவருக்குப் பிடிக்கும். மண்டையை வருடச் சிலந்திக் கால்போல ஒரு கம்பிக் கருவி. தட்டினால் நெடுநேரம் ரீங்கரிக்கும் வெண்கலக் கிண்ணம், அதைத் தட்ட ஒரு மரக்கோல்.

கடைசியில் ஒரு சதுரப் பெட்டி. அது அலைச் சத்தம் எழுப்பும் கருவி.

"அங்கயே கடல் இருக்கே மேடம்."

"இருக்கட்டும் சார். அது உங்க கட்டுப்பாட்டுலயா இருக்கு? சத்தம் அதிகமா இருந்தா குறைக்க முடியுமா? பிடிக்கலன்னா நிறுத்த முடியுமா?"

கடலின் இந்தக் குறைபாடு அதுவரை இடுக்கு சாருக்குத் தோன்றியதே இல்லை. பெட்டியை வாங்கிக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மோதிரம். விரலில் போட்டுக்கொண்டால் அசைவு, புரளல், எழுந்து நடத்தல் எல்லாவற்றையும் கணித்து, எவ்வளவு ஓய்வு எடுக்கப்பட்டது என்று அங்கிருந்தே அலுவலகத்துக்கு மதிப்பெண் அனுப்பும். ஓய்வு ஊழியரின் சொந்த விஷயம் என்று சிலர் தவறாக நினைக்கிறார்கள், உண்மையில் அது நிறுவனத்தின் சொத்து, ஊழியர் அதற்கு வெறும் பாதுகாவலர் என்று மேடம் விளக்கினார்.

கிளம்புகிற காலையில் மனைவி நீலத் துணிப்பை ஒன்றில் தன் சாமான்களை அடக்கி வாசலில் வைத்திருந்தார். இடுக்கு சார் கூடத்தில் ஐந்து அட்டைப் பெட்டிகளை விரித்து வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். பொதிக்கூடத்தில் ஒரு முறை உண்டு: உடையக்கூடியது முதலில், மற்றதெல்லாம் அதற்குத் திணிப்பு. உப்பு விளக்கு உடையக்கூடியது. மனைவியின் துணிகள் உடையாதவை. ஆகவே நீலப் பை திறக்கப்பட்டது. துணிகள் உப்பு விளக்கைச் சுற்றிப் படுத்தன. மனைவி படிக்க எடுத்து வைத்திருந்த தடித்த நாவல் கிண்ணத்துக்கு முட்டுக்கொடுத்தது. இரண்டு பல் துலக்கிகள் விளக்கின் வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டன. சூரிய விளக்கின் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. இடுக்கு சாருடைய கைப்பேசி அங்கே அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. மனைவியின் கைப்பேசிக்கு மின்னேற்றும் வயர் இன்னொரு மூலைக்குப் போனது.

கடைசிப் பெட்டியைக் குலுக்கினார். உள்ளே மிக மெல்லிதாக ஒரு முனகல். மரக்கோலின் முனை ஆடிக்கொண்டிருந்தது. அதற்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. இடுக்கு சார் அங்குமிங்கும் பார்த்தார். விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றிக் கோலின் முனையில் மாட்டினார். கச்சிதம். குலுக்கினார். மௌனம். அவர் முகத்தில் அப்போது தெரிந்த நிறைவு எந்தக் கடற்கரையிலும் கிடைக்காது. எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு கத்திரிக்கோல், கயிறு, ஒட்டுநாடாச் சுருள்கள் ஆகியவற்றையும் மேலே வைத்து, மிச்சமிருந்த ஒரே துண்டு நாடாவால் மூடினார்.

மச்சான் வந்தான். மனைவிக்குத் தம்பி. தன் காரைக் குழந்தை மாதிரி என்று சொல்லிக்கொள்வான், அடிக்கடி தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்ததால் அது பொருத்தமாகவும் இருந்தது. பெட்டிகள் ஏறின. பின்னிருக்கை நிறைந்தது. முன்னிருக்கையில் ஈயப் போர்வை உட்கார்ந்தது, அதற்குப் பெல்ட்டும் மாட்டப்பட்டது.

"மாமா, நீங்களும் அக்காவும் எங்க உக்காருவீங்க?" என்று மச்சான் கேட்டான்.

காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார் இடுக்கு சார். ஒரு இடுக்கு இல்லை. அவர் வாழ்நாளில் கட்டியவற்றிலேயே உத்தமமான பொதி அது. அதைப் பிரிக்க யாருக்கு மனசு வரும்? மேலும் பொதிக்கூடத்தில் கட்டியவன் பொதியோடு போகிற வழக்கம் கிடையாது. பொதி போகும், கட்டியவன் வாசலில் நின்று வண்டியின் பின்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டுவான். பழகிய கை தானாகவே உயர்ந்து காரைத் தட்டிவிட்டது. மச்சானும் கிளம்பிவிட்டான்.

"முதல்ல சரக்கு போகட்டும். அவன் திரும்பி வந்து நம்மள ஏத்திக்குவான்" என்று மனைவியிடம் விளக்கினார்.

மனைவி, வலியே இல்லை என்று சாதிக்கும் நோயாளியைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்துவிட்டு, காலியான நீலப் பையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மதியத்துக்குப் பிறகு மனைவியின் கைப்பேசியில் மச்சான் அழைத்தான். கடற்கரை விடுதிக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று, பெட்டிகளை அறையில் இறக்கியாயிற்று, ஆனால் வண்டி இனி அசையாது, ஏதோ ஒரு பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டுமாம், நாலு நாள் ஆகுமாம். பெட்டிகளைப் பிரித்து வைக்கட்டுமா என்று பணிவாகக் கேட்டான். தொட்டால் கையை ஒடிப்பேன் என்று இடுக்கு சார் அதே பணிவோடு பதில் சொன்னார். கைப்பேசி அத்துடன் உயிரை விட்டது.

அவர் எழுந்தார். பேருந்து பிடித்துப் போய்விடலாம் என்றார். அங்கே மோதிரம் இருக்கிறது, மதிப்பெண் போய்க்கொண்டிருக்கும், மேடம் என்ன நினைப்பார் என்றார்.

"உக்காருங்க" என்றார் மனைவி. பல் மருத்துவமனையில் ஊரையே உட்கார வைக்கும் அந்தக் குரலை வீட்டில் அவர் அதுவரை எடுத்ததில்லை. இடுக்கு சார் உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் மாலை அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. அலமாரியைத் திறப்பார், ஒரு டப்பாவை எடுப்பார். கட்டக் கயிறு இல்லை. ஒட்ட நாடா இல்லை. வெட்டக் கத்திரிக்கோல் இல்லை. எல்லாம் கடல் பார்க்கப் போயிருந்தன. கை இரண்டும் காற்றில் எதையோ மடித்தன, சுருட்டின, பிறகு அசட்டுத்தனமாகத் தொடைமேல் வந்து விழுந்தன. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

யாரும் அழைக்கவில்லை. யாரும் வரவில்லை. அவர்கள் ஊரில் இல்லை என்று ஊருக்கே தெரியும். பால்காரர் பாலை நிறுத்திவிட்டார், செய்தித்தாள் நின்றுவிட்டது. வீட்டில் இருந்தது ரொட்டியும் முட்டையும்தான். அதைத் தின்றார்கள், தூங்கினார்கள், எழுந்து மறுபடி அதையே தின்றார்கள்.

இரண்டாம் நாள் காலையில் வாசலில் ஆள் அரவம் கேட்டது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்படி இவர்கள் சொல்லிவைத்திருந்த பக்கத்து வீட்டு அம்மா. இருவரும் சோபாவுக்குப் பின்னால் போய்த் தரையோடு தரையாகப் பதுங்கினார்கள். அந்த அம்மா ஒரு கையில் வாளியும் மறு கையில் கைப்பேசியுமாக யாருக்கோ விவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆமாடி, ரெண்டு பேரும் ஊர்ல இல்ல. பாவம் அவ. அந்த மனுஷன் அங்க போயும் கடலச் சுருட்டி ஒரு மூலையில வச்சு டேப் ஒட்டிக்கிட்டுத்தான் இருப்பாரு."

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினார். இடுக்கு சாருக்குக் கோபம் வந்தது. கோபம் பாதி வழியிலேயே சிரிப்பாக மாறிவிட்டது. அவர் தன் கையாலும் மனைவியின் வாயைப் பொத்தினார். வாளிச் சத்தம் ஓய்ந்து நெடுநேரமாகியும் இருவரும் அந்தச் சோபாவுக்குப் பின்னாலேயே கிடந்தார்கள். அந்த இடம் சௌகரியமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் இடுக்கு சார் வெறுந்தரையில், முள் எதுவும் குத்தாமல், வாயை அகலத் திறந்துகொண்டு, அறிவியலுக்குப் புறம்பாக, மத்தியானம் முழுக்கக் குறட்டை விட்டார். எழுந்தபோது கைகள் எங்கே இருக்கின்றன என்று அவர் தேடவில்லை. ஒன்று மார்மேல் இருந்தது. மற்றொன்று மனைவியிடம் இருந்தது. இதற்கான கருவி நலப்பொதியில் சேர்க்கப்படாமல் விடுபட்டிருந்தது, தயாரிப்பாளர்களின் கவனக்குறைவாக இருக்கலாம்.

விடுமுறை முடிந்து அலுவலகம் போன அன்று கூட்ட அரங்கில் அவருக்கு மலர்க்கொத்து காத்திருந்தது. சுவர்த் திரையில் மோதிரம் அனுப்பிய வரைபடம். அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி ஒரே நேர்க்கோடு. ஏற்றமில்லை, இறக்கமில்லை.

"நாலு நாள்" என்றார் மூச்சு மேடம். உணர்ச்சிவசப்பட்டதில் மூச்சு இழுக்க மறந்துவிட்டார். "நாலு நாளும் ஒரு அசைவு இல்ல. தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்கல. புரளல. நூத்துக்கு நூறு."

செத்தவனுக்குக்கூட இத்தனை மார்க் வராது என்று கொட்டாவிக் கணக்காளர் பக்கத்து நாற்காலியிடம் முணுமுணுத்தார்.

முதலாளி எழுந்து வந்து இடுக்கு சாரின் முதுகில் தட்டி, இந்தச் சாதனையின் ரகசியத்தைச் சபைக்குச் சொல்லும்படி கேட்டார். இடுக்கு சார் பொய் பேசத் தெரியாதவர். பொய்யில் எப்போதும் ஒரு இடுக்கு இருக்கும் என்பது அவர் அபிப்பிராயம்.

"ஐயா, நான் போகவே இல்லைங்க. பெட்டி மட்டும்தான் போச்சு. மோதிரமும் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. நான் வீட்ல சும்மா உக்காந்திருந்தேன்."

மூச்சு மேடம் இழுத்த மூச்சை விடவில்லை. முதலாளி கண்ணை மூடினார். பெரிய மனிதர்கள் கண்ணை மூடினால் நாட்டுக்கு ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று அர்த்தம். கண்ணைத் திறந்தபோது அதில் ஒரு ஒளி இருந்தது.

"அதாவது, ஆள் கூடப் போகாததாலதான் நூறு வந்திருக்கு. இத்தன நாளா நம்ம ஆளுங்க கூடவே போய்ப் போய்க் கெடுத்திருக்காங்க."

மூச்சு மேடத்தின் மூச்சு வெளியே வந்தது. அவர் ஆமோதித்தார். ஆராய்ச்சிகளும் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன என்றார். அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு முதல் ஊழியர்கள் விடுமுறைக்குப் போய்ச் சிரமப்பட வேண்டியதில்லை. ஒவ்வொருவர் சார்பிலும் அவரவர் நலப்பொதி மலைக்கோ கடலுக்கோ சென்று முழுமையாக ஓய்வெடுத்துத் திரும்பும். அதுவரை ஊழியர் கவலையில்லாமல் தன் நாற்காலியில் உட்கார்ந்து வேலையைப் பார்க்கலாம். திட்டத்துக்குப் 'பதிலி ஓய்வு' என்று பெயர். எல்லாருடைய பொதியையும் கட்டும் தலைமைப் பொறுப்பு, முன்னோடி என்ற முறையில், இடுக்கு சாருக்கு.

மாலையில் வீட்டில் மனைவி செய்தியைக் கேட்டு நெடுநேரம் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ அடுத்த வருஷம் அந்த உப்பு விளக்குப் பக்கத்துல என்னையும் வச்சுத் திணிச்சிடுங்க. நானாவது கடலப் பாத்துட்டு வரேன்."

"அது உடையக்கூடிய பொருள்மா..." என்று ஆரம்பித்து இடுக்கு சார் நிறுத்திக்கொண்டார்.

"சரி, முதலாளி இதச் சொன்னப்ப எல்லாரும் என்ன பண்ணாங்க?"

"கை தட்டினாங்க."

"நீங்க?"

இடுக்கு சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மனைவி சுற்றி வந்து பார்த்தார். உள்ளங்கை இரண்டும் இன்னும் சிவந்திருந்தன.

கழுதையும் மூட்டை சுமக்கும். ஆனால் அதைக் கைதட்ட வைக்க இதுவரை எந்த நிர்வாகத்தாலும் முடிந்ததில்லை.